மோன்பாசியே வியாழக்கிழமைச் சந்தை: ஒரு நாளை முழுசாகக் கொடுத்தால் கிடைப்பது

பாரிஸ் பார்த்தாயிற்று, பிரான்சில் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தென்மேற்கே தோர்தோன் ஆறு ஓடுகிற பெரிகோர் பகுதிக்குப் போங்கள், அங்கே ஏதாவது ஓர் ஊரின் சந்தை நாளைத் தெரிந்துகொண்டு அந்த நாளை முழுசாக அதற்கே கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சந்தை, மதியத்துக்கு மேல் இரண்டு ஊர். அதற்கு மேல் வேண்டாம். வரைபடத்தில் பார்த்தால் எல்லாமே பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும், ஒரே நாளில் ஆறு ஊர் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பார்க்கவும் முடியும்தான், ஆனால் ஊருக்கு ஊர் கார் நிறுத்த இடம் தேடியதுதான் கடைசியில் நினைவில் இருக்கும்.

நாங்கள் அங்கே மோன்பாசியே என்ற ஊரின் வியாழக்கிழமைச் சந்தைக்குப் போனது ஜூன் கடைசியில். நான், மனைவி, அம்மா. பாரிசிலிருந்து போர்தோ வரை டிஜிவி அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கே ஸ்டேஷன் பக்கத்திலேயே வாடகைக் கார். கார் இல்லாமல் இந்தக் கிராமங்களுக்குள் சுற்றுவது கஷ்டம். ஊர்களுக்கு இடையே பஸ் மிகக் குறைவு, ரயில் தொடுகிற ஊர்கள் சிலதான். ஊரிலிருந்து கிளம்பும் முன் ஆர்டிஓ-வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள், நம் லைசென்சோடு அதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும், அங்கே இன்னும் கியர் வண்டிதான் அதிகம்.

வண்டி ஓட்டுவதில் இரண்டு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஊர்ப் பெயர் எழுதிய சிவப்பு விளிம்பு வெள்ளைப் பலகை வந்தாலே வேகம் 50 என்று அர்த்தம், தனியாக 50 என்று எழுதியிருக்க மாட்டார்கள். அதே பெயரின் மேல் கோடு போட்டிருந்தால் ஊர் முடிந்தது. இரண்டாவது, கிராமத்துக்குள் வேறு பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கத் தெருவிலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் பெரிய ரோட்டில் இருக்கிறீர்கள், அவர் சந்திலிருந்து வருகிறார் என்பதெல்லாம் கணக்கில்லை. அவர் நிற்காமல் வருவார், நாம்தான் நிற்க வேண்டும்.

வியாழக்கிழமைக்கு மோன்பாசியேவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பகுதியில் எல்லோரும் முதலில் சொல்வது சார்லா சந்தையை, அது புதன், சனி. அழகான ஊர், சந்தேகமே இல்லை. பழைய சாந்த் மரி தேவாலயத்தையே அங்கே உள்சந்தையாக மாற்றியிருக்கிறார்கள், அதற்கு ராட்சத எஃகுக் கதவுகளை வடிவமைத்தவர் அந்த ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ழான் நுவெல். ஆனால் கோடையில் அங்கே சந்தையைவிடக் கூட்டம்தான் கண்ணில் படும். மோன்பாசியே ஐந்நூறு பேர் அளவில் வசிக்கிற சின்ன ஊர். சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரத்துக்காரர்கள், வாராவாரம் அதே கடையில் அதே வெண்ணெய்க்கட்டி வாங்குகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் போதும், எதை எப்படி வாங்குவது என்று தானாகவே தெரிந்துவிடும்.

ஊரின் கதையும் சந்தையோடு ஒட்டியது. 1284-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் இதை நிறுவினார். அப்போது அவர்தான் அக்கிதேன் பகுதிக்கும் கோமான். இப்படித் திட்டம் போட்டு ஒரே வீச்சில் கட்டிய ஊர்களை பஸ்தீத் என்பார்கள், தென்மேற்குப் பிரான்சில் இவை நிறைய உண்டு. ஏறத்தாழ 400 மீட்டர் நீளம், 220 மீட்டர் அகலத்துக்கு ஒரு செவ்வகம், அதற்குள் கட்டம் கட்டமாகத் தெருக்கள், நடுவில் சந்தைச் சதுக்கம். ஆட்களைக் குடியேற்ற வேண்டும், விளைச்சலை விற்க இடம் வேண்டும், அதில் வரி வர வேண்டும், அதனால் சந்தைதான் ஊரின் நடுவில். சதுக்கத்தைச் சுற்றி எல்லா வீடுகளுக்கும் கீழே வளைவு வளைவாகத் தாழ்வாரம், வெயிலோ மழையோ அதன் அடியிலேயே முழுச் சதுக்கத்தையும் சுற்றி வரலாம். ஒரு பக்கம் மர உத்தரங்களின் மேல் பெரிய ஓட்டுக் கூரை போட்ட பழைய சந்தைக் கொட்டகை, அதனடியில் தானியம் அளந்த பழைய அளவைத் தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாத இடைவெளி விட்டிருப்பதையும் பாருங்கள். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்ததுக்குப் பரவாமல் இருக்க வைத்தது, கழிவு போகவும் அதுவே வழி.

இதே சதுக்கத்தில்தான் 1637-இல் வரிக்கொடுமைக்கு எதிராகக் கிளம்பிய குடியானவர்களின் தலைவர்களில் ஒருவரான புஃபாரோ என்ற நெசவாளரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். ஸ்ட்ராபெரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது இதை நினைத்தால் மனசு ஒரு மாதிரி ஆகிறது. ஆனால் தெரிந்துகொண்டு அங்கே நிற்பதுதான் சரி என்பது என் எண்ணம், அழகான ஊர் என்று மட்டும் பார்த்துவிட்டு வருவது அந்த மனிதர்களுக்கு நியாயமில்லை.

சரி, சந்தைக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்குக் கடைகள் தயாராகிவிடும், பன்னிரண்டரைக்குக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்பதுக்கு முன்னால் போய்ச் சேருங்கள். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, கார் நிறுத்த இடம். சந்தை நாளில் சதுக்கமும் அதையொட்டிய தெருக்களும் விடியற்காலையிலிருந்தே வண்டிகளுக்கு மூடியிருக்கும். முதல் நாள் இரவு அந்த ஊரிலேயே தங்குகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்று பார்த்து நிறுத்த வேண்டும், சந்தைக் கிழமை போட்ட பலகை இருக்கிற இடத்தில் விட்டால் காலையில் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊருக்கு வெளியே உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடப்பதே நல்லது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. இரண்டாவது காரணம், சொந்தமாகப் பயிர் செய்து கொண்டுவருகிறவர்களிடம் நல்ல சரக்கு முதலில் தீர்ந்துவிடும். பத்தரைக்குப் போனால் அவர்கள் மேஜையில் மிச்சம் மீதிதான்.

சொந்த விளைச்சல்காரர் யார், மொத்தச் சந்தையில் வாங்கி விற்பவர் யார் என்று கண்டுபிடிப்பது சுலபம். பிரான்சில் பழம், காய்கறி எங்கே விளைந்தது என்று பலகையில் எழுதியாக வேண்டும், அது சட்டம். ஸ்பெயின், மொராக்கோ என்று நான்கைந்து நாட்டுப் பெயரோடு எல்லாப் பழமும் அடுக்கியிருந்தால் அவர் வியாபாரி. மேஜையில் மூன்றே மூன்று பொருள், கீரையில் மண், பக்கத்தில் 'ப்ரோதுக்தர்' என்று எழுதிய அட்டை, அப்படியென்றால் அவர் விவசாயி. வியாபாரியிடம் வாங்குவதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் இவ்வளவு தூரம் போனதே இரண்டாமவருக்காகத்தான்.

அடுத்தது பேச்சு. எந்தக் கடையிலும் எதைக் கேட்பதற்கு முன்னும் 'போன்ழூர் மதாம்' அல்லது 'போன்ழூர் முசியே' சொல்லியாக வேண்டும். பாரிசில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவர்கள்கூட இருக்கலாம், கிராமத்தில் அப்படி இல்லை. வணக்கம் சொல்லாமல் 'இது எவ்வளவு' என்று ஆரம்பித்தால் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டீர்கள் என்றால் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் கையைக் காட்டியே எல்லாம் வாங்கிவிடலாம், அவர்களும் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

பழத்தைத் தொடக் கூடாது என்பதுதான் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தது. ஐம்பது வருஷமாக வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கியவர். "தொடாம, மோந்து பாக்காம எப்படிடா முலாம்பழம் வாங்குறது?" என்று கேட்டார். கடைக்கார அம்மாள் எங்களைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: சாப்பிடப் போவது இன்றைக்கா, நாளைக்கா? இன்றைக்கு மதியம் என்றதும் நாலைந்தை எடுத்துக் காம்புப் பக்கம் அழுத்தி, முகர்ந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மதியம் அதை அறுத்தபோது அம்மா சொன்னது: "நான் பொறுக்கியிருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்." சில கடைகளில் கூடை வைத்து நம்மையே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், அங்கே எடுக்கலாம். கூடை இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், அவர் பார்த்துக் கொடுப்பார்.

பேரம் பேசாதீர்கள். சாப்பாட்டுப் பொருளில் பேரமே கிடையாது, எழுதியிருக்கிற விலைதான். பழைய பொருள் விற்கிற பிரோகான்த் சந்தையிலும், வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டு விற்கிற வீத்-கிரெனியே நாட்களிலும் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம், அங்கே அது வழக்கம். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து, பத்து யூரோ நோட்டாக. கார்டு வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் சின்ன விவசாயிகள் பலரிடம் இன்னும் மெஷின் இல்லை, இருந்தாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்திருப்பார்கள். அரைக் கிலோவுக்கு 'ஊன் லீவ்ர்' என்று சொன்னால் போதும். துணிப்பை அல்லது கூடையை நாமே கொண்டுபோக வேண்டும். காரில் ஒரு குளிர்ப்பை இருந்தால் இன்னும் நல்லது, ஜூன் வெயிலில் சீஸ் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

என்ன வாங்குவது? பெரிகோர் என்றாலே வாத்து, அதன் ஈரல், கறுப்பு டிரஃபிள் காளான் என்றுதான் எழுதுவார்கள். டிரஃபிள் குளிர்காலச் சமாச்சாரம், கோடையில் கடையில் இருப்பது வேறு வகை, அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அம்மா சைவம், அதனால் நாங்கள் தேடியது வேறு. இந்த மண்ணின் வால்நட்டுக்கு 2002-லிருந்து ஏஓசி என்ற பிறப்பிடப் பாதுகாப்பு இருக்கிறது, ஸ்ட்ராபெரிக்கு 2004-லிருந்து ஐஜிபி என்ற புவிசார் குறியீடு. புது வால்நட் அக்டோபரில்தான் வரும், ஜூனில் கிடைப்பது போன வருஷத்தது. ஆனாலும் உடைத்த பருப்பும், செக்கில் ஆட்டிய வால்நட் எண்ணெயும், வால்நட் போட்ட ரொட்டியும் எந்த மாதத்திலும் கிடைக்கும். எண்ணெயைச் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். அது சீக்கிரம் காறிப்போகும், திறந்தபின் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், சூடு பண்ணவும் கூடாது. வெந்த பீட்ரூட்டின் மேலோ கீரை சாலட்டிலோ அப்படியே ஊற்றிச் சாப்பிடுவது. ஸ்ட்ராபெரியில் சார்லோத், மாரா தெ புவா என்று ரகம் எழுதியிருப்பார்கள், மாரா தெ புவா பார்க்கச் சின்னது, வாசனை அபாரம். காலையில் வாங்கினால் மதியத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

சீஸ் என்றால் ரொகாமதூர் என்ற ஆட்டுப்பால் வட்டுகள், உள்ளங்கையில் மூன்று வைக்கலாம், அவ்வளவு சின்னது. புதுசு, பாதி காய்ந்தது, நன்றாகக் காய்ந்தது என்று மூன்று பருவமாக அடுக்கியிருப்பார்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் புதுசிலிருந்து ஆரம்பியுங்கள், காய்ந்ததில் ஆட்டு வாசனை தூக்கலாக இருக்கும். இன்னொன்று எஷூர்ஞாக் மடத்தின் பெயரில் வருகிற, வால்நட் மதுவில் கழுவிப் பழுக்க வைத்த 'திராப்' சீஸ். மனைவிக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. கடுமையான சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாரம்பரியமாகச் செய்யும் இந்தச் சீஸ் வகைகளில் பாலை உறைய வைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட்டால். அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவிட்டேன், அவர் சீஸ் வேண்டாம் என்று வெண்ணெயோடு நிறுத்திக்கொண்டார். சொல்லாமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓட்டல் சாப்பாட்டிலும் இதே கவனம் தேவை. சார்லா ஊரின் பேர்போன உருளைக்கிழங்கு, 'பொம் சார்லதேஸ்', பார்க்க வெறும் பூண்டும் பார்ஸ்லி இலையும் போட்டு வறுத்த கிழங்குதான், ஆனால் வறுப்பது வாத்துக் கொழுப்பில். காளான் ஆம்லெட், பூண்டு சூப் எல்லாவற்றிலும் அதே கொழுப்பு இருக்கலாம். 'சான் வியாந்த்' என்று கறி வேண்டாம் எனச் சொன்னால் போதாது, 'சான் கிரேஸ் த கனார்' என்று வாத்துக் கொழுப்பையும் தனியாகச் சொல்ல வேண்டும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, 'மெனு து ழூர்', அதாவது அன்றைய சாப்பாடு, என்று கரும்பலகையில் எழுதியிருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நேரம்தான் முக்கியம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும், இரண்டு மணிக்குப் போனால் அடுப்பை அணைத்துவிட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். 'ஊன் கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடி இலவசமாக வரும், ரொட்டியும் அப்படியே. பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை.

நாங்கள் மதியச் சாப்பாட்டை முழுக்கச் சந்தையிலேயே வாங்கினோம், கூட சைவர் வந்தால் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வால்நட் ரொட்டி, தக்காளி, முள்ளங்கி, வெண்ணெய், உப்பு, முலாம்பழம், ஸ்ட்ராபெரி, எங்கள் இருவருக்கும் சீஸ். அம்மா கைப்பையில் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தார், தக்காளி ரொட்டிக்கு அது நன்றாகவே சேர்ந்தது. ரோட்டோரம் 'எர் த பிக்னிக்' என்று பலகை வைத்து மேஜை, பெஞ்சோடு மர நிழல் நிறைய இடங்களில் இருக்கும். மடக்குக் கத்தி, நாலு தட்டு, ஒரு துணி இவ்வளவும் காரில் இருந்தால் போதும். சாப்பிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் படுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மூன்று வரை ஊரெல்லாம் கதவு சாத்தியிருக்கும், கடைகள், பல தபால் நிலையங்கள், சுற்றுலா அலுவலகம்கூட. அந்த நேரத்தில் ஊர் சுற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

மூன்று மணிக்கு மேல் கதுவான். காட்டுக்கு நடுவில் 1115-இல் நிறுவிய மடாலயம், ஸ்பெயினின் சான்தியாகோவுக்குப் போகிற கிறிஸ்தவ யாத்திரைப் பாதையின் ஒரு பகுதியாக 1998-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. தேவாலயம் தடித்த சுவரோடு வெறுமையாக இருக்கும், அதை ஒட்டிய நடைக்கூடத்திலோ கல்லையே பின்னல் வேலை மாதிரி செதுக்கியிருப்பார்கள். நான் அங்கே போனதே ஒரு துணிக்காக. இயேசுவின் தலையைச் சுற்றிய துணி என்று நம்பி நூற்றாண்டுக் கணக்கில் அரசர்களும் குடியானவர்களும் அந்த மடத்துக்கு யாத்திரை வந்தார்கள். 1934-இல் அதன் கரையில் பின்னியிருந்த அலங்காரத்தை ஆராய்ந்தபோது அது கூஃபி எழுத்தில் நெய்த அரபு வாசகம் என்று தெரிந்தது, பதினோராம் நூற்றாண்டின் முடிவில் எகிப்தின் ஃபாத்திமிய கலீஃபா அல்-முஸ்தஅலியின் பெயரைச் சொல்வது. அந்தப் பகுதி பிஷப் யாத்திரையை நிறுத்திவிட்டார். மடமும் கிராமமும் அதோடு அமைதியாகிவிட்டன. எனக்கு இதில் ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை. நைல் கரையில் யாரோ அவ்வளவு நுணுக்கமாக நெய்த துணி இந்தக் காட்டுக்கு வந்து இத்தனை பேர் மண்டியிடக் காரணமாக இருந்திருக்கிறது, அதுவே பெரிய விஷயம்தான். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனோம், மாலை ஐந்து வரை இருந்துவிட்டோம்.

கடைசியாக பெல்வெஸ். மலை மேல் ஊர், கீழே பள்ளத்தாக்கு. சதுக்கத்துக்கு அடியில் பாறையைக் குடைந்து ஏழைக் குடும்பங்கள் ஒரு காலத்தில் வசித்த குகை வீடுகள் இருக்கின்றன, வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும், அதனால் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே உள்ள பழைய சந்தைக் கொட்டகையின் தூண் ஒன்றில் குற்றவாளிகளைக் கட்டிவைத்த சங்கிலி இன்னும் தொங்குகிறது. அம்மாவுக்குக் கால் வலி, கொட்டகை நிழலில் உட்கார்ந்துகொண்டார், பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பாட்டியும் வந்து உட்கார்ந்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது, ஆனால் நாங்கள் குகை பார்த்துவிட்டு வருவதற்குள் முழங்கால் வலியைப் பற்றி இருவரும் பேசி முடித்திருந்தார்கள். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: இந்த ஊர்களில் தெருவெல்லாம் உருண்டைக் கல் பதித்தது, ஏற்றம் இறக்கம் வேறு. நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், செருப்பு வேண்டாம்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. கிராமப் பக்கத்துப் பங்குகளில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆள் இருக்க மாட்டார்கள், கார்டு போட்டு நாமே நிரப்ப வேண்டும். முதலில் கார்டில் ஒரு பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு சரியான தொகையை எடுக்கும், அதனால் இருப்புக் குறைவான ப்ரீபெய்டு கார்டை நம்பாதீர்கள். பேக்கரிகளும் வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும், பெரும்பாலும் திங்கள். அன்றைக்கு எந்த ஊரில் திறந்திருக்கும் என்று தங்குகிற வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

உங்கள் பயண நாள் வியாழனாக அமையாவிட்டாலும் கவலை இல்லை. செவ்வாய் என்றால் லெ பூக், புதன் சார்லா, வெள்ளி லெ புயிசோன், சனி பெல்வெஸிலேயே சந்தை, ஞாயிறு சான் சிப்ரியான் அல்லது இசிஜாக். வியாழனிலும் மோன்பாசியே தூரம் என்றால் ஆற்றுக்கு மேலே பாறை உச்சியில் இருக்கிற தோம் ஊரில் சந்தை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இரவுச் சந்தை கூடுதல். ஊர்ச் சதுக்கத்தில் நீள மேஜை போட்டிருப்பார்கள், சுற்றிலும் சமைத்து விற்பார்கள், வாங்கிவந்து யார் பக்கத்தில் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். உள்ளூர்க்காரர்கள் தட்டு, கரண்டி, டம்ளர், மேஜை விரிப்பு எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள், நீங்களும் கொண்டுபோங்கள். ஏழு மணிக்கு முன்னால் போனால்தான் மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும்.